தொடர் சேர்த்து வைக்காத ஜோடி

கேள்வி: எனக்கு 35 வயது. கணக்குப் பிரிவில் வேலை. இரண்டு வருடமாக ஒரு மருத்துவமனைத் தொடரை விடாமல் பார்த்து வருகிறேன். நாயகி அறுவை சிகிச்சை மருத்துவர், அவள் கணவன் பத்திரிகையாளன். தொடரின் ஜோடி அவர்கள்தான். ஆனால் ஆரம்பத்திலிருந்தே என் கண் போனது, அவளோடு ஆபரேஷன் தியேட்டரில் நிற்கும் மயக்க மருந்து டாக்டர் பக்கம். இருவரும் வேலையைத் தவிர வேறெதுவும் பேசிக்கொண்டதே இல்லை. அவர்களை வைத்து, ரசிகர்கள் எழுதும் கதையான ஃபேன் ஃபிக்‌ஷன் எழுத ஆரம்பித்து ஒன்பது அத்தியாயம் ஆகிவிட்டது. மூன்றாம் அத்தியாயத்தில் கணவனைக் குடிகாரனாக்கி, அவளை அடிக்கவும் வைத்துவிட்டேன். இல்லாவிட்டால் அவள் எப்படி அவனை விட்டு வருவாள்? படிக்கிற தோழிகளுக்குப் பிடித்திருக்கிறது. எனக்குத்தான் உறுத்துகிறது. இருவரும் பேசுவது அவர்கள் பேச்சு மாதிரியே இல்லை. போதாக்குறைக்குப் போன வாரம் தொடரில் அந்த டாக்டருக்கு வேறொரு பெண்ணோடு கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. என் கதை அவ்வளவுதானா? "இல்லாததை எழுதி என்ன ஆகப்போகிறது, சொந்தமாக ஏதாவது எழுதேன்" என்கிறாள் அக்கா. அவள் சொல்வது சரியா? முதல் ஆறு அத்தியாயங்களையும், பாத்திரங்களைப் பற்றிய என் குறிப்புகளையும் இணைத்திருக்கிறேன்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

ஆறு அத்தியாயங்களையும் இரண்டு முறை படித்தேன். முதல் முறை கதைக்காக, அடுத்த முறை கையில் பென்சிலோடு. உங்கள் உறுத்தல் சரியான இடத்தில்தான் இருக்கிறது. அதனால் அக்காவுக்கான பதிலைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, மூன்றாம் அத்தியாயத்திலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தக் கணவன் தொடரில் எப்படிப்பட்டவன் என்று உங்கள் குறிப்பில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவள் எத்தனை மணிக்கு வந்தாலும் விழித்திருப்பவன். நாலு பேர் நடுவில் அவள் தொழிலைப் பெருமையாகப் பேசுபவன். ஆனால் "இன்னிக்கு உள்ளே என்ன நடந்தது?" என்று ஒருநாளும் கேட்காதவன். இதை எழுதியவருக்கு அவனை நன்றாகத் தெரியும். அப்படித் தெரிந்த ஒருவனை மூன்றாம் அத்தியாயத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு, பாட்டிலோடு வர வைத்திருக்கிறீர்கள். அவன் யார் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரிந்திருக்காது. உறுத்தல் அங்கேதான்.

இதில் கெட்டுப்போனது கணவன் பாத்திரம் மட்டுமில்லை. அவன் அடிக்கிறான், அவள் வெளியே ஓடி வருகிறாள், டாக்டர் கதவைத் திறக்கிறார். இந்த வரிசையில் அவள் எதையாவது தேர்ந்தெடுத்தாளா? தப்பித்து வந்தாள், அவ்வளவுதான். அந்த இரவில் அந்தக் கதவை யார் திறந்திருந்தாலும் அவள் உள்ளே போயிருப்பாள். டாக்டரும் காதலிக்கப்படுகிறவராக இல்லை, அடைக்கலம் கொடுத்தவராக நிற்கிறார். இந்த இருவரையும் சேர்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு ஒன்பது அத்தியாயம் எழுதினீர்கள். கணவனைக் கெட்டவனாக்கிய அந்த ஒரு முடிவு, சேர்வதற்கான காரணத்தையே அவர்கள் கையிலிருந்து பிடுங்கிவிட்டது.

வன்முறை நடக்கும் வீட்டைப் பற்றி எழுதக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எழுத வேண்டிய விஷயம் அது. ஆனால் அதை எழுதினால் கதை அதைப் பற்றியதாகிவிட வேண்டும். ஒரு ஜோடிக்கு இடம் காலி செய்து தருவதற்காக மட்டும் ஒரு பெண்ணை அடி வாங்க வைத்தால், நான்காம் அத்தியாயத்தில் அந்தக் காயத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல் போகும். உங்கள் நான்காம் அத்தியாயத்தில் இல்லை.

சரி, அவள் எப்படித்தான் வருவாள்? இந்தக் கேள்வியைத் தீர்த்துவிட்டு மேலே போக வேண்டிய தடையாக நினைத்தீர்கள். என்னைக் கேட்டால் உங்கள் கதையே அதுதான். தொடர் இவர்களைச் சேர்க்கவில்லை. ஏன் சேர்க்கவில்லை? தயாரிப்புக் காரணத்தை விடுங்கள், கதைக்குள்ளே என்ன காரணம்? அவள் கல்யாணம் ஒரு நல்ல கல்யாணம். அவள் வாக்குத் தவறாதவள். அவர் தானாக எதையும் கேட்டு வாங்கிப் பழகாதவர். இதையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது: நாளைக் காலை ஏழரை மணிக்கு இருவரும் அதே மேஜையின் இரு பக்கத்தில் நிற்க வேண்டும். நடுவில் ஓர் உயிர் படுத்திருக்கும். சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொல்லி, அதனால் அவள் கையில் ஒரு கணம் தயக்கம் வந்தால் அதற்கு விலை கொடுப்பது மூன்றாவது ஆள். இந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, எது இளகும், எது இளகாது என்று பார்த்துக்கொண்டே போனால் இருபது அத்தியாயத்துக்குச் சரக்கு இருக்கிறது. நீங்களோ எல்லாவற்றையும் ஒரே இரவில் ஒரு பாட்டிலைக் கொண்டு உடைத்துவிட்டீர்கள்.

இந்த ஜோடியில் நீங்கள் எதைக் கண்டீர்கள் என்பதையும் கொஞ்சம் பேச வேண்டும். பல வருடங்களுக்கு முன் நான் ஒரு தொடரின் கதைக்குழுவில் இருந்தேன். நாயகனாக நடித்தவரின் தேதி மாதத்தில் சில நாள்தான் கிடைக்கும். நாயகி மனதில் இருப்பதை யாரிடமாவது சொல்லியாக வேண்டுமே. அந்தக் காட்சிகளையெல்லாம் அவளோடு வேலை பார்க்கும் ஒரு துணைப் பாத்திரத்தின் பக்கம் திருப்பிவிட்டோம். எங்களுக்கு அது தேதிப் பிரச்சினைக்கு ஒரு வழி. பார்க்கிறவர்களுக்கோ, ஒரு பெண் தன் மனதைத் திறப்பது ஒரே ஒருவனிடம்தான் என்று தெரிந்தது. சில மாதத்தில் அந்த இருவரைப் பற்றி ரசிகர்களிடமிருந்து கடிதங்கள் வர ஆரம்பித்தன. கதைக்குழுவில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் எழுதியதை எங்களைவிடக் கூர்ந்து அவர்கள் படித்திருந்தார்கள்.

உங்கள் ஜோடியின் விஷயமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தியேட்டரில் அவர்கள் நிற்கும் இடத்தைப் பாருங்கள். அவள் நோயாளியின் வயிற்றருகே, அவர் தலைமாட்டில். நடுவே ஒரு துணித் திரை. முகக் கவசத்துக்கு மேலே தெரிவது இருவரின் கண்கள் மட்டும். கேமராவுக்கு வேறு வழியே இல்லை, கண்ணைத்தான் காட்ட வேண்டும். அவளைக் காட்டிவிட்டு ரியாக்‌ஷன் ஷாட்டுக்கு எடிட்டர் யாரிடம் போவார்? தலைமாட்டில் நிற்கிறவரிடம்தான். இப்படி வாரத்துக்கு மூன்று முறை, இரண்டு வருடம் பார்த்தால் யாருக்கும் தோன்றும். அதற்காக இது வெறும் எடிட்டிங் மாயம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வேலையின் உள்ளேயே ஓர் அந்தரங்கம் இருக்கிறது. ஆக்சிஜன் அளவு இறங்கினால் மானிட்டரின் 'பீப்' ஒலியின் சுருதியும் இறங்கும். தலை நிமிராமலே அவளுக்கு அது கேட்கும். கேட்ட மறுகணம் அவர் கை எங்கே போயிருக்கும் என்றும் அவளுக்குத் தெரியும். பேச்சில்லாமல் ஒருவரை ஒருவர் நம்பி வேலை செய்யும் இரண்டு பேர். நீங்கள் கண்டது அதைத்தான். ஆனால் உங்கள் கதையின் ஆறு அத்தியாயங்களில் தியேட்டர் ஒரே ஒரு முறைதான் வருகிறது. மற்றதெல்லாம் மழை, கார், மொட்டை மாடி. எந்த ஜோடியை வேண்டுமானாலும் கொண்டுபோய் நிறுத்தக்கூடிய இடங்கள்.

பேச்சைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டாம் அத்தியாயத்தில் டாக்டர் சொல்கிறார்: "உங்களைத் தவிர வேற யாரையும் என்னால நினைக்க முடியல." இதை யார் வேண்டுமானாலும் யாரிடமும் சொல்லலாம். இரண்டு வருடமாக வேலைப் பேச்சு மட்டும் பேசியவர், காதலையும் வேலைப் பேச்சில்தான் சொல்வார். சொல்கிறோம் என்றுகூட அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். இப்படி வைத்துப் பார்க்கலாம்:

"பிரஷர் இறங்குது. கொஞ்சம் நிறுத்துங்க மேடம்."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. ரத்தம் கசிந்த இடத்தில் பஞ்சுத்துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எவ்வளவு நேரம்?"

"நான் சொல்றேன்."

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பிரஷர் மெல்ல ஏறியது.

"இப்ப பண்ணுங்க. அவசரமே இல்ல. நான் இருக்கேன்."

"நான் இருக்கேன்" என்பது நோயாளிக்கான உத்தரவாதம். அவள் காதில் அது வேறாக விழலாம், விழாமலும் போகலாம். உங்கள் வாசகிக்கு விழும். இது உங்கள் கதை, இந்த வரிகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த இடத்திலிருந்து பேச்சு வர வேண்டும் என்று காட்டத்தான் எழுதினேன்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். கொஞ்சம் சலிப்பான வேலை, ஆனால் இதற்கு மாற்று எனக்குத் தெரியவில்லை. அந்த டாக்டர் வரும் காட்சிகளை மட்டும் மறுபடி ஓட்டி, அவர் பேசும் முப்பது வசனங்களைக் கையால் எழுதுங்கள். நாயகிக்கும் முப்பது. எழுதும்போதே தெரிந்துவிடும், யார் வாக்கியத்தை முடிக்கிறார், யார் பாதியில் விடுகிறார், யார் கேள்விக்குக் கேள்வியால் பதில் சொல்கிறார் என்று. கோபம் வந்தால் அவர் குரல் உயருமா, அல்லது "மேடம்" என்ற சொல் மட்டும் கூடுதலாக ஒரு தடவை வருமா? பிறகு உங்கள் கதையில் ஒரு பக்கத்தை எடுத்து, பெயர்களை மறைத்துவிட்டு ஒரு தோழியிடம் கொடுங்கள். யார் பேசுகிறார் என்று அவர் சொல்லிவிட்டால் போதும்.

தமிழில் எழுதுகிறவருக்கு இன்னொரு வசதி இருக்கிறது, அதை நீங்கள் முதல் அத்தியாயத்திலேயே செலவழித்துவிட்டீர்கள். "நீங்க" எப்போது "நீ" ஆகிறது? அவர் அவளை "மேடம்" என்கிறார், அவள் அவரை "டாக்டர்" என்கிறாள். இந்த இரண்டு சொற்களும் விலகும் நாள் உங்கள் கதையில் முத்தத்தைவிடப் பெரிய நிகழ்ச்சி. உங்கள் முதல் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் அவர் அவளை "நீ" என்கிறார், அவளும் அதைக் கவனிக்கவில்லை. பன்னிரண்டாம் அத்தியாயம் வரைக்கும் பிடித்து வைத்திருங்கள். ஒருநாள் மிகக் களைத்துப்போன நேரத்தில் அவர் வாயில் "நீ" தவறி வரட்டும். இருவரும் கேட்டது கேட்காததுபோல் வேலையைத் தொடரட்டும். மறுநாள் அவர் மறுபடி "நீங்க" என்று சொல்லும்போது அவளுக்கு ஏன் வலிக்கிறது என்று எழுதுங்கள். இந்த வித்தியாசமே இல்லாத மொழிகளில் எழுதுகிறவர்கள் இதற்கு வேறு வழி தேட வேண்டும். நமக்கு வாக்கியத்தின் வினைமுற்றிலேயே இருக்கிறது.

இப்போது அக்கா.

இல்லாததை எழுதி என்ன ஆகப்போகிறது என்கிறார். வான்மீகியின் கதையில் வில் முறிவதற்கு முன் இராமனும் சீதையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை. கம்பர் இராமனை மிதிலைத் தெருவில் நடக்கவிட்டு, சீதையைக் கன்னிமாடத்தில் நிறுத்தி, இருவர் கண்ணையும் சந்திக்க வைத்தார். மூலத்தில் சேர்ந்த ஜோடிதான். ஆனால் கல்யாணத்துக்கு முந்தைய காதலைக் களவு என்று பாடிப் பழகிய தமிழுக்கு, பார்க்காமலே நடந்த கல்யாணம் போதவில்லை. மூலத்தில் இல்லாத அந்த ஒரு பார்வையைத்தான் இன்றைக்கும் மேடைதோறும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம்.

உங்களுக்கு இன்னும் நெருக்கமாகப் பயன்படும் உதாரணம் புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்'. 1943-ல் வந்த கதை. இராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம், அதைப் பொருட்படுத்தவில்லை என்ற அர்த்தத்தில் கதைத் தலைப்புக்குக் கீழேயே ஒரு குறிப்பு வைத்தார். இன்று நீங்கள் அத்தியாயத்தின் மேலே போடும் எச்சரிக்கைக் குறிப்புக்கு அது மூத்த அக்காள். அவர் செய்த வேலையை ஓர் எழுத்தாளராகப் பாருங்கள். இராமனின் கால் தூசி பட்டு அகலிகை பெண்ணானாள், இது கம்பரில் இருக்கிறது. சீதையைத் தீயில் இறங்க வைத்தார்கள், இதுவும் அங்கே இருக்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அகலிகை காதில் அந்தச் செய்தி விழுந்தால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டார். அவள் மறுபடி கல்லானாள். இராமனைக் கெட்டவனாக்க ஒரு புதிய குற்றத்தையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. இராமாயணத்தில் ஏற்கெனவே கிடந்த ஒன்றைத் திருப்பி வெளிச்சத்தில் வைத்தார். உங்கள் கணவன் பாத்திரத்துக்கும் அதுதான் வழி. "உள்ளே என்ன நடந்தது?" என்று அவன் ஒருநாளும் கேட்கவில்லை. தொடர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, நீங்கள் சொல்லலாம். அவன் நல்லவனாகவே இருக்கட்டும், விழித்தே இருக்கட்டும், கேட்காமலே இருக்கட்டும். அவள் ஒருநாள் மேஜையில் ஒரு குழந்தையை இழந்துவிட்டு வீட்டுக்கு வருகிறாள். அவன் அன்போடு போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டு விளக்கை அணைக்கிறான். அந்த இருட்டில் அவள் என்ன நினைக்கிறாள்? அங்கே ஒரு கல்யாணம் மெல்ல விரிசல் விடுவதை உங்களால் எழுத முடியும். அடி உதையைவிட எழுதக் கடினமானது, ஆனால் உங்கள் குறிப்புகளைப் பார்த்தபிறகு உங்களால் முடியும் என்று நம்புகிறேன்.

கதை ஒரு பக்கம் போக, வாசகர் மனம் வேறு பக்கம் போவதும் புதிதல்ல. லூயிசா மே ஆல்காட் 'லிட்டில் விமன்' முதல் பாகத்தை 1868-ல் வெளியிட்டபோது, நாயகி ஜோவை அவள் தோழன் லாரிக்குக் கட்டிக்கொடுங்கள் என்று சிறுமிகள் கடிதம் எழுதினார்கள். அவர் மறுத்தார். மறு வருடம் வந்த இரண்டாம் பாகத்தில் ஜோ லாரியை வேண்டாம் என்று சொல்லி ஒரு பேராசிரியரை மணக்கிறாள். நம் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரம்தோறும் வந்தபோது பூங்குழலியின் மனம் அருள்மொழிவர்மரிடம் இருந்ததைப் படித்தவர்கள், அவள் சேந்தன் அமுதனைக் கைப்பிடித்தபோது நிறைவோடு ஏற்றார்கள் என்றா நினைக்கிறீர்கள்? இன்றைக்கும் பூங்குழலியையும் அருள்மொழிவர்மரையும் பற்றி ஆதங்கத்தோடு பேசுகிறவர்களை நான் சந்திக்கிறேன். தொலைக்காட்சிக்கு வந்தால், 1966-லிருந்து 1969 வரை ஓடிய 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கேப்டன் கிர்க்கையும் அவருடைய துணை அதிகாரி ஸ்பாக்கையும் காதலர்களாக வைத்து ரசிகர்கள் கதை எழுதினார்கள். ரசிகர் இதழ் ஒன்றில் அப்படி ஒரு கதை 1974-லேயே அச்சாகிவிட்டது. இரண்டு பெயருக்கு நடுவே சாய்கோடு போட்டு ஜோடியைக் குறிக்கும் வழக்கம் அவர்களிடமிருந்து வந்ததுதான். நீங்கள் உங்கள் கதைத் தலைப்பின் கீழே போட்டிருக்கும் அந்தக் கோட்டுக்கு ஐம்பது வயது.

ஆனால் அக்கா சொன்னதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஃபேன் ஃபிக்‌ஷன் உரையாடலைக் கற்றுக்கொடுக்கும், காட்சியை எங்கே வெட்டுவது என்று கற்றுக்கொடுக்கும், ஓர் அத்தியாயத்தை முடித்து அடுத்ததுக்கு ஆளை இழுப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்கும். ஒன்றை மட்டும் கற்றுக்கொடுக்காது: முன்பின் தெரியாத ஒரு முகத்தை வாசகர் மனதில் புதிதாக ஊன்றுவது. உங்கள் வாசகிக்கு அந்த டாக்டர் எப்படி நிற்பார், எப்படிக் கண்ணாடியைக் கழற்றுவார் என்பது ஏற்கெனவே தெரியும். ஒரு நடிகர் அந்த வேலையை உங்களுக்காகச் செய்து வைத்திருக்கிறார். சொந்தக் கதை எழுத ஆசை இருந்தால் அந்தத் தசையைத் தனியாகப் பழக்க வேண்டும். உங்கள் கதையில் நீங்களே உருவாக்கிய ஒரு பாத்திரம் உண்டு, அந்த இரவு நேர நர்ஸ். அவர் வரும் இரண்டு பக்கமும் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அவருக்கு இன்னும் இடம் கொடுங்கள். அக்காவிடமும் அந்தப் பக்கங்களைக் காட்டுங்கள்.

போன வாரம் நிச்சயமான கல்யாணத்துக்கு வருகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் தொடரைத் துரத்திக்கொண்டே எழுத முடியாது. அவர்கள் ஒரு குழுவாக, தேதி, விளம்பரம், பார்வையாளர் எண்ணிக்கை எல்லாவற்றையும் பார்த்து வாரத்துக்கு வாரம் திருப்புவார்கள். நாளைக்கே அந்தக் கல்யாணம் நின்றுபோகவும் கூடும். நீங்கள் ஓர் இடத்தில் கோடு போடுங்கள். எந்த எபிசோட் வரை நடந்ததெல்லாம் என் கதையிலும் நடந்தது, அதற்குப் பிறகு என் பாதை வேறு என்று முதல் அத்தியாயத்தின் மேலே எண்ணோடு எழுதிவிடுங்கள். அதன்பிறகு தொடரில் யார் யாரை மணந்தாலும் உங்கள் கதைக்கு ஒன்றும் ஆகாது. கோட்டை எங்கே போடுவது என்பதுதான் முக்கியம். ஏதாவது ஒரு முடிவு இந்தப் பக்கமும் போயிருக்கலாம், அந்தப் பக்கமும் போயிருக்கலாம் என்ற எபிசோடைத் தேடுங்கள். அவள் வேறு ஊர் வேலையை மறுத்த எபிசோட் என்று உங்கள் குறிப்பில் ஒன்று இருக்கிறதே, எனக்கு அது பொருத்தமாகப் படுகிறது. ஏன் மறுத்தாள் என்று தொடர் சொல்லவே இல்லை என்று அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். அந்தக் காரணம் உங்கள் கையில் இருக்கிறது.

அந்த நிச்சயத்தை உள்ளே எடுத்துக்கொள்ள விரும்பினாலும் எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் அதே விதிதான்: அந்தப் பெண்ணைச் சூழ்ச்சிக்காரியாக்கிவிடாதீர்கள். ஒருவர் விடுபட வேண்டும் என்பதற்காக எத்தனை பேரைக் கெட்டவர்களாக்குவது?

சில சின்ன விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சேர்ப்பது இரண்டு பாத்திரங்களை. அவர்களாக நடிக்கும் இருவருக்கும் சொந்த வாழ்க்கை, சொந்தக் குடும்பம் உண்டு. அவர்களை இந்தக் கதைக்குள் இழுக்காதீர்கள். கதையை அவர்களுக்கு அனுப்பவும் வேண்டாம். இதில் நான் கொஞ்சம் கறார். விளையாட்டாகத் தொடங்கியது அவர்கள் வீட்டுக்குள் புகுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மேல்குறிப்பில் ஜோடியின் பெயரையும், இது தொடரில் இல்லாத ஜோடி என்பதையும், வன்முறையோ அந்தரங்கக் காட்சியோ இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 2019-ல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது பெற்ற ரசிகர் கதைக் களஞ்சியமான 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' பின்பற்றும் முறை எளிமையானது: காதல் என்றால் பெயர்களுக்கு நடுவே சாய்கோடு, நட்பு என்றால் '&' குறி. கணவன் மனைவி ஜோடியை நேசிக்கிறவர் தெரியாமல் உள்ளே வந்து மனம் நோகாமல் இருக்க இந்த ஒரு வரி உதவும்.

பணம் வாங்காதீர்கள். பாத்திரங்களும் கதையும் தொடரை உருவாக்கியவர்களுக்குச் சொந்தம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இலவசமாகப் பகிரும் ரசிகர்களைப் பல தயாரிப்பாளர்கள் கண்டுகொள்வதில்லை, ஆனால் விற்கத் தொடங்கினால் கதை வேறு. பிற்காலத்தில் இதைப் புத்தகமாக்கும் எண்ணம் வந்தால் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஆட்களையும் நிகழ்ச்சிகளையும் அடியிலிருந்து புதிதாகக் கட்ட வேண்டும்.

கடைசியாக உங்கள் ஐந்தாம் அத்தியாயம். நோயாளி இறந்துவிடுகிறார். மானிட்டர் ஒரே நீளமாகக் கத்த ஆரம்பிக்கிறது. அவள் கை இன்னும் உள்ளேதான் இருக்கிறது. டாக்டர் கை நீட்டி அந்தச் சத்தத்தை நிறுத்துகிறார், நேரத்தைக் குறிக்கிறார், அவள் தானாகக் கையை எடுக்கும்வரை ஒரு வார்த்தையும் பேசாமல் நிற்கிறார். சத்தம் உடனே நின்றுபோனது ஏன் என்று மறுநாள் குளிக்கும்போதுதான் அவளுக்கு உறைக்கிறது. இதைப் படித்தபோது பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். இந்த நான்கு பத்தியில் கணவனும் கெட்டவனாக இல்லை, யாரும் யாரையும் காப்பாற்றவும் இல்லை. நீங்கள் இரண்டு வருடமாகத் திரையில் பார்த்துக்கொண்டிருந்ததும் தொடர் எழுதாமல் விட்டதும் இதில் இருக்கின்றன.

முதல் நான்கு அத்தியாயங்களை எடுத்து ஒரு ஓரமாக வையுங்கள். கதையை இந்தச் சத்தம் நிற்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள். அன்று இரவு அவள் வீட்டுக்கு வருகிறாள், கணவன் விழித்திருக்கிறான், கேட்கவில்லை. மறுநாள் காலை ஏழரை மணிக்கு அவர் தலைமாட்டில் நிற்கிறார். "குட் மார்னிங் மேடம்" என்கிறார். அவள் என்ன பதில் சொல்கிறாள் என்று எழுதி எனக்கு அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.